டிவிடி டிரைவுக்குள் சிக்கிய வெள்ளிச் சலங்கை மணிகள்: வட்டுக்குச் சேதமில்லாமல் எடுக்க வழி உண்டா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம் எங்களுடையது. பட்டறைக் கணக்கு எழுதும் பழைய மேசைக் கணினியில் அப்பா காலத்துக் கொலுசு மாதிரிகளின் படங்கள் உள்ள டிவிடி ஒன்றை வைத்திருந்தபோது, என் அக்காள் மகன் கிண்ணத்தில் இருந்த சலங்கை மணிகளை அள்ளித் தட்டின்மேல் கொட்டி, மூடும் பொத்தானை அழுத்திவிட்டான். மூன்று வயதுக் குழந்தை. தட்டு கரகரவென்று சத்தமிட்டு உள்ளே நகர்ந்து, ஒரு விரல் அகலம் வெளியே நீட்டியபடி நின்றுவிட்டது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டோம்.

முன்பக்கத்தில் உள்ள சிறிய துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டுப் பார்த்தும் தட்டு அசையவில்லை. பழுது பார்க்கும் கடை ஒன்றில், புதிய டிரைவ் போட்டுத் தருவதாகவும், உள்ளே இருக்கும் வட்டுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றும் சொல்கிறார்கள். டிரைவ் போனால் போகட்டும். அந்தப் படங்களில் இருக்கும் மாதிரிகளுக்கான அச்சுகள் பல இப்போது எங்களிடம் இல்லை. படங்களுக்கும் வேறு பிரதி கிடையாது. காந்தம் வைத்து மணிகளை எடுக்கலாமா? கவிழ்த்துத் தட்டலாமா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: அஸ்தம்பட்டி கணினிப் பழுதுநர்

வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மேசைக் கணினி டிரைவில் தட்டு முழுவதும் உள்ளே போன பிறகுதான், சுழல் மோட்டாரும் லென்ஸும் பொருத்தப்பட்ட சட்டம் மேலே எழும்பி, வட்டு மேலிருக்கும் காந்தப் பிடிக்கும் சுழலிக்கும் நடுவே இறுகும். உங்கள் தட்டு ஒரு விரல் அகலம் வெளியே நிற்பதால் அந்தக் கட்டம் வரவில்லை. வட்டு சுழலவே இல்லை, தட்டின்மேல் தளர்வாகக் கிடக்கிறது. துளைக்குள் விட்ட கம்பி பயன்படாததற்கும் இதுவே காரணம். முழுவதும் மூடிப் பூட்டிக்கொண்ட தட்டை விடுவிப்பதுதான் அந்தத் துளையின் வேலை. பூட்டே விழாத தட்டில் கம்பிக்குத் தள்ள எதுவும் இருக்காது. ஆகவே கம்பியை இன்னும் அழுத்திக் குத்த வேண்டாம்.

இனி எக்காரணத்தைக் கொண்டும் அந்த டிரைவுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். கணினியை இயக்கியதுமே டிரைவ் தட்டை உள்ளே இழுக்க முயலும். தட்டை நகர்த்தும் பற்களுக்கு நடுவே மணி இருந்தால் பல் உடையும். அதைவிடப் பெரிய ஆபத்து, தட்டு எப்படியோ உள்ளே போய்விட்டால் வட்டு சுழலத் தொடங்கிவிடும் என்பது. அப்போது மணி ஒன்று வட்டில் உரசினால் விழுவது வட்டமான கீறல். மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் கீறல் தரவுத் தடத்தைக் குறுக்கே வெட்டுவதால், ஒவ்வொரு இடத்திலும் இழப்பது கொஞ்சமே. தரவோடு சேர்த்தே வட்டில் எழுதப்பட்டிருக்கும் பிழைதிருத்தக் குறியீடு அதை ஈடுகட்டிவிடும். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடுவதால் தொடர்ச்சியாகத் தரவு போய்விடும், அதை ஈடுகட்டுவது கடினம்.

காந்தம் உதவாது, வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. உங்கள் பட்டறையிலேயே இருக்கும் சாமணம்தான் சரியான கருவி. வெள்ளி மிகச் சிறந்த மின்கடத்தி என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே ஒரு மணி சர்க்யூட் போர்டின்மேல் தங்கினாலும் மின்சாரம் வந்ததும் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படக்கூடும்.

மறுமொழி: சூரமங்கலம் வாசகர்

டிரைவைப் பெட்டியிலிருந்து கழற்றி, முன்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து மெதுவாகத் தட்டினால் மணிகள் தட்டின் இடைவெளி வழியாக உருண்டு வந்துவிடும். எங்கள் வீட்டு டிரைவில் விழுந்த சட்டைப் பொத்தானை அப்படித்தான் எடுத்தோம். பிரிக்காமலே முடியக்கூடிய வேலை என்பதால் முதலில் இதை முயன்று பார்க்கலாமே?

மறுமொழி: அஸ்தம்பட்டி கணினிப் பழுதுநர்

உள்ளே வட்டு இல்லாத டிரைவாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே வட்டு பிடிமானம் இல்லாமல் கிடக்கிறது. சாய்த்துத் தட்டும்போது அதுவும் நகர்ந்து, மணிகளின்மேலும் மேல்தகட்டின்மேலும் உரசும். நாம் காப்பாற்ற நினைப்பது வட்டை என்பதால், பிரிப்பதுதான் மென்மையான வழி.

மின்கம்பியையும் தரவுக் கம்பியையும் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு ஸ்குரூக்களைக் கழற்றி, டிரைவைக் கிடைமட்டமாகவே முன்பக்கமாக வெளியே எடுங்கள். பெரும்பாலான டிரைவ்களில் அடித்தகட்டை நான்கு ஸ்குரூக்கள் பிடித்திருக்கும். கவிழ்க்காமல் ஒருவர் மட்டமாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழிருந்து அவற்றைக் கழற்றட்டும். தட்டு சற்று வெளியே நிற்பது இங்கே உதவும்: தட்டின் முகப்பைக் கொக்கிகளிலிருந்து நழுவவிட்டு எடுத்தபின், பிளாஸ்டிக் முன்சட்டத்தின் ஓரக் கொக்கிகளை நகத்தால் அழுத்தினால் அதுவும் வந்துவிடும். பிறகு மேல்தகட்டைத் தூக்கலாம். உள்ளே வட்டுக்குமேல் குறுக்காக ஒரு பாலம் இருக்கும். சில வகைகளில் அதைக் கழற்றி வட்டை நேராக மேலே எடுத்துவிடலாம். கழலாத வகையென்றால், தட்டின் அடியில் ஓர் ஓரமாக நீளும் பல்வரிசையில் சிக்கியிருக்கும் மணியைச் சாமணத்தால் எடுத்தபின் தட்டைக் கையால் மெல்ல இழுக்க வேண்டும். இழுக்கும்போது தடை தெரிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தேடுங்கள்.

மூடி திறந்த நிலையில் டிரைவை இயக்கிப் பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். கூடாது. டிவிடி டிரைவ் சிடியையும் படிக்கும்; அதற்கான 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பார்வைக்குக் கேடு விளைந்த பின்புதான் தெரியவரும்.

மறுமொழி: ஏற்காட்டிலிருந்து

பழைய வட்டுகளைக் கணினியில் பிரதியெடுத்து வைப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சேர்வராயன் மலையின் ஈரப்பதத்தில் வட்டுகள் பூசணம் பிடிப்பதும் டிரைவ்களின் ரப்பர் பெல்ட் கெடுவதும் எங்களுக்குப் பழகிப்போன தொல்லைகள். டிவிடியில் தரவு அடுக்கு, 1.2 மில்லிமீட்டர் தடிமனின் நடுவே இரண்டு தகடுகளுக்கு இடையில் பத்திரமாக இருக்கிறது. அதனால் மேற்பரப்பில் லேசான கீறல் தெரிந்தாலும் மனம் தளர வேண்டாம். சிடியாக இருந்தால் தரவு அடுக்கு பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே இருப்பதால் அந்தப் பக்கத்துக் கீறல்தான் ஆபத்தானது. வட்டைத் துடைக்க நேர்ந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது.

வட்டு கையில் கிடைத்ததும் அதே டிரைவில் போட்டுப் பார்க்காமல், வேறு நல்ல டிரைவில் போட்டு முதலில் முழு வட்டையும் ஒரே கோப்பாகப் பிரதியெடுங்கள். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அதன் பிறகு. படிக்க முடியாத பகுதிகள் இருந்தால், லினக்சில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்குத் திரும்பத் திரும்ப முயலும்.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை

உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாலம் கழலும் வகையாகவே இருந்தது. வட்டை மேலே எடுத்தபின் பார்த்தால், ஒரு மணி நசுங்கிப் பல்வரிசைக்குள் புதைந்திருந்தது. மற்றவை அடியில் கிடந்தன. எத்தனை விழுந்தன என்பது தெரியாததால், கிண்ணத்தில் மீதியிருந்த மணிகளோடு சேர்த்து எடை போட்டு, கணக்கில் எழுதியிருந்த எடையோடு ஒப்பிட்டு, எல்லாம் வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டோம். வட்டில் வட்டக் கீறல் இல்லை. என் தம்பியின் கணினியில் முழுப் பிரதியும் எடுத்தாகிவிட்டது, படங்கள் எல்லாமே திறக்கின்றன.

தட்டின் பற்களில் ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. பிசின் வைத்து ஒட்டி அந்த டிரைவைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

மறுமொழி: அஸ்தம்பட்டி கணினிப் பழுதுநர்

மிகவும் மகிழ்ச்சி. ஒட்டிய பல் பாரம் தாங்காது. பெயர்ந்தால் அதுவே அடுத்த அடைப்பாகிவிடும். யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். பட்டறை மேசையில் அது நிரந்தரமாக இருக்கத் தேவையில்லை. எடுத்த பிரதியை இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் போட்டு, அதை வேறு வீட்டில் வைத்துவிடுங்கள்.