செருப்பு ஆர்க்கிட் இலை நுனி கருகுது: கலவையா, தண்ணியா?

மண்டபம்_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் ஊர்ல, மாடியில நின்னா கடல் தெரியும். தை மாசம் பெங்களூர்ல இருந்து தம்பி ரெண்டு செருப்பு ஆர்க்கிட் (பூ செருப்பு மாதிரி இருக்குமே, அந்தச் செடி) கொண்டாந்தான். ஒண்ணுக்கு இலையில திட்டுத் திட்டா கோலம் போட்ட மாதிரி இருக்கு, இன்னொண்ணு முழுப்பச்சை. தொட்டி சின்னதா இருக்கேன்னு பெரிய மண்தொட்டிக்கு மாத்தினேன். செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு, ஒரு கை ஆட்டுப்புழுக்கை. தினமும் காலையில ஒரு செம்பு போர் தண்ணி. இப்ப இலை நுனியெல்லாம் கருகி உள்ளே இறங்குது, தொட்டிக்கு வெளியே வெள்ளையா பூத்திருக்கு. மாமியார் கண்ணு பட்டுருச்சுங்கிறாங்க. எதை மாத்தட்டும்?

கடலோரக்_குரோட்டன்ஸ்:
வெள்ளைப் பூ பூக்கிற நிவியம்னு ஒரு செருப்பு ஆர்க்கிட் மலேசியா லங்காவித் தீவுல கடலை ஒட்டின சுண்ணாம்புப் பாறையிலேயே வளருது சகோதரி. உப்புக்குப் பயப்பட வேண்டாம். கரையில ஒதுங்கிற பவளக்கல்லு நாலு பொறுக்கிப் போடுங்க, சரியாப் போயிரும்.

கரிமூட்டம்:
குரோட்டன்ஸ் தம்பி, சுண்ணாம்பு வேற, உப்பு வேற. அந்தப் பாறையில உப்பு படிஞ்சாலும் மழை பெய்ஞ்சு கழுவிரும். வேர் இருக்கிறது இடுக்குல சேர்ந்த இலைமக்குல, கடல்தண்ணியில இல்ல. பவளக்கல்லைத் தொடவே வேண்டாம். கரையில கிடந்தாலும் எடுக்கிறது சட்டப்படி குத்தம், நம்ம பக்கம் இது எல்லாருக்கும் தெரியும். நிவியம் மாதிரி சுண்ணாம்பு கேக்கிற வகைன்னா மட்டி ஓட்டை நல்ல தண்ணியில ஊறவெச்சு, நொறுக்கி ஒரு ஸ்பூன் போட்டாப் போதும்.

தங்கச்சி, தொட்டியில பூத்த அந்த வெள்ளைதான் உனக்குப் பதில். அது உப்பு. மண்தொட்டி சுவர் வழியா தண்ணி காய்ஞ்சு போயிரும், உப்பு தங்கிரும். நான் தேவிபட்டினம் பக்கம், கருவேலங்கரி வியாபாரம் பாத்தவன். முதல்ல வாங்கின நாலு செடியையும் இப்படித்தான் கொன்னேன். மீன்தொட்டிக்கு வாங்கின டி.டி.எஸ். மீட்டரை, அதான் தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவியைப் போர் தண்ணியில முக்கினா 1,900 காட்டுச்சு. மழைத்தண்ணியில 20. இந்தச் செடிக்கு 150-க்குள்ள இருந்தா நல்லது. உரத்தைக்கூட மத்த செடிக்குப் போடுறதுல கால்வாசிதான் தாங்கும். ஆட்டுப்புழுக்கையை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

மழைத்தண்ணிக்கு எங்க போறதுன்னு மலைக்காதே. ரெண்டு செடிக்கு வாரம் ரெண்டு தடவை, தடவைக்கு அரை அரை லிட்டர்னா வருசத்துக்கு நூறு லிட்டர் சொச்சம். பத்தடிக்குப் பத்தடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தாலே 90 லிட்டர் இறங்கும். ஐப்பசியில ஒரு நீல டிரம்மை வெச்சு வேட்டித்துணியால வாயைக் கட்டு. முதல் மழையைப் பிடிக்காதே, மாடியில படிஞ்ச கடல் உப்பெல்லாம் அதோட போகட்டும். அதுவரைக்கும் ஆர்.ஓ. தண்ணி கேன் ஒண்ணு வாங்கிக்க.

இப்ப கலவை. இந்தச் செடிக்கு மத்த பல ஆர்க்கிட் மாதிரி தண்ணி சேத்து வைக்கிற குமிழ்த்தண்டு கிடையாது. அதனால வேர் முழுசா காயவும் கூடாது, சேறுல மூச்சு முட்டவும் கூடாது. செம்மண்ணும் மணலும் போட்டா தண்ணி இறங்காது, காத்தும் போகாது. பைன் மரப்பட்டை அஞ்சு பங்கு, கரி ரெண்டு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்லு) ரெண்டு பங்கு. பட்டையும் கரியும் நிலக்கடலை அளவு இருக்கணும். நம்ம ஊர்ல கரி சுடுற மூட்டத்துல உதிரிக்கரி சும்மாவே குடுப்பாங்க, தூசி போகக் கழுவணும். தேங்காய் மட்டைத் துண்டு சேக்கலாம், ஆனா கரையோர மட்டையில உப்பு ஏறியிருக்கும். மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போடாம சேக்காதே. தூளா இருக்கிற நார்க்கழிவு வேண்டவே வேண்டாம்.

தொட்டி பிளாஸ்டிக், வேர்க்கட்டு அடங்குற அளவுக்குச் சின்னது. கச்சான் காத்து அடிக்கிற ஆனி, ஆடியில மண்தொட்டி அரைநாள்ல காய்ஞ்சிரும்.

மண்டபம்_மாடி:
அண்ணே, ரொம்ப நன்றி. அப்ப தினமும் ஊத்தவே கூடாதா?

கரிமூட்டம்:
நாளைக் கணக்குப் பாக்காதே, தொட்டியைத் தூக்கிப் பாரு. தண்ணி ஊத்தின உடனே ஒரு கனம் இருக்கும், அதுல பாதி குறைஞ்சா ஊத்து. எனக்குக் கோடையில மூணு நாள், கார்த்திகை ஊதக்காத்துல ஆறேழு நாள். காலையில, அடித்துளை வழியா நல்லா ஓடுற வரைக்கும் ஊத்தணும். இலைக் குருத்துல தண்ணி தேங்கினா துணியால ஒத்தி எடு, அழுகல் அங்கதான் ஆரம்பிக்கும். அடைமழைக்குக் கூரைக்குக் கீழ எடுத்து வெச்சிரு.

இன்னொண்ணு, மனசு கோணாம கேளு. திட்டு இலைக்காரி நம்ம வெக்கைக்குப் பெரும்பாலும் பழகிருவா. முழுப்பச்சைக்காரி அனேகமா மலைக்குளிர் கேக்கிறவ, இங்க உயிரோட இருந்தாலும் பூப்பாளான்னு சந்தேகந்தான். தம்பிகிட்டயே திருப்பி அனுப்பினா அவளுக்கு நல்லது.

கீழக்கரை_ரோஜா:
நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நம்ம அகத்தியமலையிலயே ஒரு செருப்பு ஆர்க்கிட் இருக்காமே?

கரிமூட்டம்:
ஆமா, அது பேரு ட்ரூரியி. 1865-ல ட்ரூரின்னு ஒரு வெள்ளைக்காரர் பாத்தது, அவர் பேர்தான். வேற எங்கயும் கிடையாது, பிடுங்கிப் பிடுங்கியே அழியிற நிலைக்கு வந்துருச்சு. காட்டுச்செடின்னு யாராவது வித்தா வாங்காதீங்க. நர்சரியில வளத்ததே போதும்.

மண்டபம்_மாடி:
இன்னைக்கு ரெண்டு தொட்டியையும் கொட்டிட்டேன் அண்ணே. திட்டு இலைக்கு மூணு வேர் கெட்டியா, ரோமம் ரோமமா இருக்கு, மிச்சம் அமுக்கினா தோலு மட்டும் கையோட வருது. பச்சைக்கு ஒரே ஒரு வேர். போர் தண்ணி பட்டதால நம்ம வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஒண்ணும் ஆகலையே, இதுக்கு மட்டும் இவ்வளவு ரோசமா?

கரிமூட்டம்:
ரோசந்தான். கூழானதை மட்டும் தீயில காட்டின கத்தரியால வெட்டு, ரோமத்தை அழுக்குன்னு தேய்ச்சிராதே. இலை அடி கலவைக்குள்ள ஒரு விரக்கடை புதையட்டும், மேல நின்னா புது வேர் காத்துல காய்ஞ்சிரும். ஒத்தை வேர்க்காரியைப் பெங்களூருக்கு இப்பவே அனுப்பாதே, பஸ் பயணம் தாங்கமாட்டா. பட்டை வர்ற வரைக்கும் ரெண்டையும் ஈரத்துணியில சுத்தி நிழல்ல வை. கரி வேணும்னா சொல்லு, உச்சிப்புளி வர்றவங்ககிட்ட குடுத்து விடுறேன்.