வன உரிமைச் சட்டத்தில் வரும் 'ஹியர்பை' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

வினா (கூடலூர்):
வணக்கம். எங்கள் பகுதியில் காட்டுநாயக்கர், பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் உள்ள பெரியவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துக் காட்டி வருகிறோம். மத்திய அரசு வன உரிமைகளை 'ஹியர்பை ரெக்கக்னைசஸ் அண்ட் வெஸ்ட்ஸ்' (hereby recognises and vests; பின்னிரு வினைகளுக்கும் 'அங்கீகரித்து ஒப்படைக்கிறது' என்று பொருள்) என்று 4(1)ஆம் பிரிவின் ஆங்கில மூலம் சொல்கிறது. எங்களிடம் உள்ள தமிழ்ச் சுருக்கமோ 'ஹியர்பை' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'உரிமைகள் வழங்கப்படும்' என்று முடித்துக்கொள்கிறது. அதைக் கேட்ட ஒரு மூதாட்டி, "எப்போ குடுப்பாங்க?" என்றார். அந்தச் சொல்லுக்கு எடை உண்டா, அல்லது அது வெறும் சட்ட நடைதானா?

மறுமொழி 1 (உதகை, வழக்கறிஞர்):
எடை உண்டு. அந்த அம்மாவின் கேள்விக்கான விடையே அதில்தான் இருக்கிறது. 'இந்த வாசகத்தின் வழியாகவே' என்பது அதன் பொருள். நிகழ்கால வினையோடு அது சேரும்போது, சொல்வதே செய்வதாகிவிடுகிறது. கிரயப் பத்திரத்தில் 'இதன்மூலம் கிரயம் செய்து கொடுத்திருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டவர், பின்னொரு நாளில் விற்பதாக வாக்களிக்கவில்லை அல்லவா? 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை 'ஏற்று, இயற்றி, நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்' என்ற முகப்புரை வாசகத்தின் ஆங்கில மூலத்திலும் இதே சொல்தான் நிற்கிறது. தவிரவும், காலனி ஆட்சியிலும் அதன் பின்னரும் இவ்வுரிமைகள் போதிய அளவு அங்கீகரிக்கப்படாததை 'வரலாற்று அநீதி' என்று வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. ஏற்கெனவே இருப்பதைத்தான் அங்கீகரிக்க முடியும் என்பதால், 'வழங்கப்படும்' என்ற எதிர்காலம் இங்கே பொருளையே புரட்டிவிடுகிறது.

மறுமொழி 2 (கோத்தகிரி, ஆங்கில ஆசிரியை):
அறிவித்தல், நியமித்தல், ரத்து செய்தல் போன்று, சொன்ன மாத்திரத்தில் நிறைவேறும் வினைகளோடுதான் இந்தச் சொல் இயல்பாகப் பொருந்தும். விண்ணப்பங்களில் 'ஐ ஹியர்பை ரிக்வெஸ்ட்' என்பது பிழையன்று. ஆனால் 'கேட்டுக்கொள்கிறேன்' என்ற வினையே அந்த வேலையைச் செய்துவிடுவதால், அங்கே அது தேவையும் இல்லை.

மறுமொழி 3 (பந்தலூர்):
வழக்கறிஞர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால், 'இச்சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு' என்ற தொடரும் அதே வாக்கியத்தில் இருப்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன்பே காட்டு நிலத்தை அனுபவித்து வந்திருக்க வேண்டும். யாருக்கு எந்த இடத்தில் எவ்வளவு என்பதைக் கிராம சபையில் தொடங்கி, உட்கோட்ட, மாவட்ட அளவிலான குழுக்கள் வரை சென்று உறுதி செய்ய வேண்டும். அந்த நடைமுறை முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5). ஆகவே அடுத்த கூட்டத்தில், 'இந்தச் சட்டத்தின் மூலமாகவே உங்கள் உரிமையை அரசு அங்கீகரித்து உங்களிடம் ஒப்படைக்கிறது. அதைப் பதிவு செய்துகொள்ளத்தான் இந்த விண்ணப்பம்' என்று படித்துக் காட்டுங்கள்.