முந்தானை உங்கள் வீட்டில் என்னென்ன வேலை பார்த்தது?

வைகைக்கரை:
போன வாரம் மாட்டுத்தாவணியிலிருந்து ஷேர் ஆட்டோ. இறங்கும்போது நாங்கள் எல்லாம் போனை எடுத்து ஸ்கேன் செய்தோம். பக்கத்தில் இருந்த பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானை நுனியை உருவினார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து நெகிழ்த்தினார். உள்ளே நாலாக மடித்த பத்து ரூபாய்த் தாள்கள், ஒரு கொட்டைப்பாக்கு, பாதி மாத்திரை. ஒரு தாளை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு மறுபடி அதேபோல முடிந்து செருகினார். டிரைவரும் அவசரப்படுத்தவில்லை. அதிலிருந்து எனக்கு அம்மாச்சி ஞாபகமாகவே இருக்கிறது. சுங்குடிதான் கட்டுவார். சோற்றுப் பானையை இறக்க, எங்கள் மூக்கைத் துடைக்க, முருங்கைக்கீரையை அள்ளிவர, மத்தியானம் வெறுந்தரையில் விரித்துப் படுக்க எல்லாம் அந்தத் துணிதான். அம்மா நைட்டிக்கு மாறியதும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாமான் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்.

காரைக்குடிப் பேத்தி:
எங்கள் ஆயா கண்டாங்கி. பின்கொசுவம் வைத்து, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினால் நாள் முழுக்க அசையாது. வட்டிக்குக் கொடுத்தவர் ஒருநாள் திண்ணையில் வந்து நின்று சத்தம் போட்டார். ஆயா அடுப்படியிலிருந்து வந்தார். செருகலை உருவித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, “உட்காருங்க, தண்ணி குடிங்க, அப்புறம் பேசுவோம்” என்றார். வந்தவர் குரல் இறங்கிவிட்டது. அந்த ஒரு இழுப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

தென்பொருநை:
பேத்தி, உங்கள் ஆயா தானாகப் போர்த்தினார், சரி. எங்கள் ஆச்சிக்கு அது கட்டாயம். தெருவில் பெரியவர் யார் வந்தாலும் போர்த்த வேண்டும், மறந்தால் ஏச்சு. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வைகைக்கரை, முந்தானையால் பானை இறக்குவதை யாரும் இப்போது செய்துபார்க்க வேண்டாம். எங்கள் அத்தை பம்ப் ஸ்டவ்விலிருந்து பால் இறக்கும்போது நைலக்ஸ் முந்தானை பற்றிக்கொண்டது. மாமா நனைத்த சாக்கைப் போட்டு அணைத்தார். கழுத்தோரம் சுருங்கிய தோலோடுதான் அத்தை கடைசிவரை இருந்தார். அதனால் சொல்கிறேன். அடுப்பருகே போனால் முந்தானையைச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் வேகமாகப் பற்றும், ஆனால் அப்படி உருகி ஒட்டாது. சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடிக்காதீர்கள், சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செல்லூர்க்காரன்:
நல்ல விஷயம்தான் தென்பொருநை, ஆனால் வைகைக்கரை கேட்டது கதை. என்னுடையது அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நடந்தது. அம்மாவுக்கு இரண்டு கையிலும் அழகருக்குக் காட்டச் சர்க்கரை நிரப்பிய செம்பு. மேலே சூடம் எரிகிறது, விட முடியாது. அதனால் கிளம்பும்போதே முந்தானை நுனியைத் தம்பியின் அரைஞாண் கயிற்றில் முடிந்துவிட்டார். கூட்டம் தள்ளத் தள்ளத் துணி விறைத்து இழுக்கும். அந்த இழுப்பு இருக்கும்வரை அம்மா திரும்பியே பார்க்கவில்லை. பாலத்துக்குக் கீழே வந்ததும் துணி தளர்ந்தது. அம்மா செம்போடு சடாரென்று திரும்பினார். நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. தம்பி அவர் காலை ஒட்டி வந்து நின்றிருந்தான், அதனால்தான் தளர்ந்திருக்கிறது. முடிச்சு அப்படியே இருந்தது.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில் எங்கட அம்மம்மா காசைச் சீலையில் முடியமாட்டா. பனையோலைக் கொட்டைப்பெட்டி இடுப்பில் இருக்கும், வெற்றிலையும் காசும் அதுக்குள்ள. சீலைத் தலைப்பு எங்கட முகம் துடைக்க. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால் தலையையும் அதால்தான் துவட்டுவா, காது எரியும்வரை.

மாயவரத்தான் மகள்:
போன தீபாவளிக்கு அண்ணி அம்மாவுக்கு ஏப்ரன் வாங்கித் தந்தார். முன்னால் பெரிய பை வைத்தது. அம்மாவுக்குப் பை ரொம்பப் பிடித்துப்போய், சாவி, செல்போன், பூஜைக்குப் பறித்த செம்பருத்தி எல்லாம் அதில்தான். கை துடைப்பது மட்டும் முந்தானையில். கேட்டால், “புதுத்துணி, மஞ்சக்கறை ஆயிடும்டி” என்கிறார். தென்பொருநை எழுதியதைப் படித்துக் காட்டினேன். இப்போது முந்தானையை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு தாளிக்கிறார், அடுப்பை அணைத்ததும் வெளியே இழுத்துக் கை துடைக்கிறார்.