புதுப்பிப்பு: வீட்டில் ஒயின் ருசி பார்த்த மாலை

பெங்களூரு வீட்டில் பத்து நண்பர்களுக்கு, வகுப்பு எடுப்பது போல ஆகாமல், ஒயின் ருசி பார்க்க வைப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். நடத்தியாச்சு. ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் 750 மி.லி. பாட்டில் ஒன்று 15 பேருக்கு வரும். வகைக்கு ஒன்றாக நான்கே வாங்கினேன்.

பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, விலையை ஊகிக்கச் சொல்லும் யோசனைதான் கூச்சத்தைப் போக்கியது. லேசாக இனிக்கும் நாசிக் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், மிளகாய் பஜ்ஜிக்கு அவ்வளவு பொருத்தம். அதே பஜ்ஜியோடு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கு எரிகிறது. அதில் துவர்ப்பைத் தரும் டானினும் ஆல்கஹாலும் காரத்தைத் தூக்கிக் காட்டும். அப்புறம், நம் ஊர் வெயிலுக்குச் சிவப்பு ஒயினையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், 16–18 டிகிரி போதும்.

ருசி பார்த்த ஒயினை விழுங்காமல் துப்புவதற்கு வைத்த கிண்ணத்தை யாரும் தொடவில்லை. அதனால் எல்லோரையும் டாக்சியில்தான் அனுப்பினேன்.