ஃப்ரீலான்சரா, மாதச் சம்பளத்துக்கு ஆளா? யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் சிறிய சாறிக் கடை வைத்திருக்கிறேன். விற்பனையில் பாதிக்கு மேல் இப்போது இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகத்தான். படங்களைத் திருத்துவது, தமிழிலும் சிங்களத்திலும் விவரம் எழுதுவது, கேட்பவர்களுக்குப் பதில் போடுவது எல்லாவற்றையும் வெளியில் கொடுக்கப் பார்க்கிறேன்.

இதுவரை படத்துக்கு இவ்வளவு என்று ஒரு ஃப்ரீலான்சரிடம் கொடுத்து வந்தேன். தம்பி கெட்டிக்காரர். ஆனால் தீபாவளி நேரத்தில் அவர் கையில் வேறு நாலு பேரின் வேலையும் இருக்கும். அரக்கு நிறச் சாறி படத்தில் ரோஸாகத் தெரிந்தது. திருத்தி வருவதற்குள் வாங்க நின்றவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

அதனால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒருவரை எடுக்கலாமா என்று பார்க்கிறேன். 60,000 ரூபாய் சம்பளம் என்றால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12%, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% என்று என் பங்கு மேலும் 9,000. அது பரவாயில்லை. சீசன் இல்லாத மாதங்களில் என்ன வேலை கொடுப்பது என்பதுதான் தலையிடி. (சும்மா இருக்க வைத்துச் சம்பளம் கொடுக்க நான் என்ன அரசாங்கமா!)

பதில் போடும் வேலைக்கு மட்டும் ஆளை எடுத்து, படங்களை ஃப்ரீலான்சரிடமே விடலாம் என்று மனம் சொல்கிறது. இப்படிப் பிரித்துச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? லப்டொப், டேட்டா செலவை யார் ஏற்கிறீர்கள்? மாதத்துக்கு ஒரு தொகை பேசி, நாளுக்கு 2 மணித்தியாலம் என்று ஃப்ரீலான்சரையே பிடித்து வைக்க முடியுமா? ஒப்பந்த மாதிரி இருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள்.