ஈஸ்ட் ஹாமில் 68 வருஷ லீஸ் ஃபிளாட்: வாங்கி விற்றால் கையில் என்ன நிற்கும்?

கேள்வி: லண்டன் வந்து ஐந்து மாசம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் ஒரு ஃபிளாட் 2,35,000 பவுண்டுக்கு வருகிறது. லீஸ் 68 வருஷம்தான் பாக்கி. அதே கட்டடத்தில் நீண்ட லீஸ் உள்ள ஃபிளாட் 2,80,000க்குப் போயிருக்கிறது. வாங்கி, லீஸை நீட்டி, விற்றுவிடலாமா? தாம்பரத்தில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: தம்பி, கடைசியில் போகிற போக்கில் கேட்டீர்களே, அந்தத் தாம்பரத்து வீடுதான் கணக்கையே புரட்டிப்போடும். வருகிறேன்.

நம்ம ஊரில் லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. இங்கிலாந்தில் அப்படியில்லை. நீங்கள் வாங்குவது வருஷங்களை. அவை தீர்ந்தால் வீடு ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் நிரந்தரச் சொந்தக்காரருக்கு, போய்விடும். அதனால்தான் 70க்குக் கீழே போன லீஸுக்கு மார்ட்கேஜ் கொடுக்கப் பல வங்கிகள் யோசிக்கின்றன, விலையும் இறங்குகிறது.

1993ஆம் வருஷச் சட்டப்படி கூடுதலாக 90 வருஷம் கேட்டு வாங்கலாம், கிரவுண்ட் ரென்ட்டும் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) போய்விடும். ஆனால் பாக்கி 80 வருஷத்துக்குக் கீழே வந்துவிட்டால் ‘மேரேஜ் வேல்யூ’ சேரும். அதாவது, நீட்டிப்பால் கூடுகிற மதிப்பில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. 2024 மே மாசம் நிறைவேறிய சட்டம் இதை ஒழிக்கிறது, ஆனால் இதை எழுதும்போது அந்தப் பகுதி அமலுக்கு வரவில்லை. அதை நம்பி விலை பேசாதீர்கள்.

இதில் நானே சூடு பட்டவன். 2018 அக்டோபரில் வாங்கினேன். ஏஜென்ட் “81 வருஷம் இருக்கு சார்” என்றார். பத்திரத்தைப் பிரித்தால் ‘24 ஜூன் 2000 முதல் 99 வருஷம்’. எண்ணிப் பார்த்தால் 80 வருஷம் எட்டு மாசம். அப்போது பெயர் பதிவாகி இரண்டு வருஷம் காத்திருந்தால்தான் லீஸை நீட்டக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியும். காத்திருந்தேன், 80 தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. விற்றவரே நோட்டீஸ் கொடுத்து உரிமையை எனக்கு மாற்றியிருக்கலாம். என் சொலிசிட்டர் (பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) அதைச் சொல்லவேயில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த இரண்டு வருஷ விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. நீட்டிப்புக்கு என் மதிப்பீட்டில் 27,000 பவுண்டு. சர்வேயர் (இங்கே சொத்தை மதிப்பிடுபவர்) சொல்வதே சரி, இது கைக்கணக்கு. சொலிசிட்டர், சர்வேயர், கூடவே ஃப்ரீஹோல்டர் தரப்புச் செலவு (அதையும் நாம்தான் கட்ட வேண்டும்) ஒரு 6,000. சாதாரண ஸ்டாம்ப் டியூட்டி 2,200.

தாம்பரத்து வீடு இங்கேதான் வந்து நிற்கிறது. உலகத்தில் எங்கே இருந்தாலும் 40,000 பவுண்டுக்குக் குறையாத இன்னொரு வீடு உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால், வாங்கும் விலையில் கூடுதலாக 5 சதவீதம் ஸ்டாம்ப் டியூட்டி. இதற்கே 11,750.

கூட்டுங்கள்: 2,81,950. விற்கும் விலையைவிட இங்கேயே அதிகம். ஏஜென்ட் கமிஷன், காலியாகக் கிடக்கும் மாசங்களின் சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) எதையும் இன்னும் சேர்க்கவில்லை. வாங்கும் நாளுக்கு முந்தைய 12 மாசத்தில் 183 நாள் நீங்கள் இங்கே இருந்திருக்காவிட்டால் இன்னும் 2 சதவீதம், 4,700. வாங்கும் நாளுக்கு ஒரு வருஷம் முன்னும் பின்னுமான காலத்தில், ஏதாவது தொடர்ச்சியான 365 நாளில் 183 நாள் இங்கே இருந்துவிட்டால் அதைத் திரும்பக் கேட்கலாம்.

வரி இன்னொன்று: விற்பதற்கென்றே வாங்கினால், லாபத்தை வியாபார வருமானமாகப் பார்க்க வாய்ப்புண்டு. அப்போது மூலதன ஆதாய வரியின் 18, 24 சதவீதம் இல்லை, உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரி.

ஏலத்தில் மலிவாக வருகிறதே என்று போகாதீர்கள். சுத்தியல் விழுந்ததும் 10 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் 28 நாளில். அதற்குள் எந்த வங்கி கடன் தரும்?

நானாக இருந்தால் 2,10,000க்கு மேல் தொடமாட்டேன். அதற்கும் ஒரு நிபந்தனை: விற்பவர் கையெழுத்துக்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து, வீடு கைமாறும்போதே அந்த உரிமையையும் சேர்த்து உங்களுக்கு எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறும்வரை மாசக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், சர்வீஸ் சார்ஜ் மட்டும் ஓடும். ஏஜென்டிடம் இன்றைக்கே லீஸ் நகல் கேளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ‘முதல்’ என்று போட்டிருக்கும் தேதி.