ஜின் போத்தலில் எழுதியிருக்கிற வாசங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மாங்குளத்தான்:
ஏ9 பாதையோரம் ஒரு சின்ன விடுதியில் கணக்குப் பார்க்கிறேன். சாப்பாட்டுப் பட்டியல் எழுதுவதும் நான்தான். முதலாளி மதுபான அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார், பட்டியலில் ஜின்னும் வரப்போகிறது. கனடாவிலிருந்து வந்து தங்கிய ஒரு அண்ணை முக்கால் போத்தலை விட்டுவிட்டுப் போனதால் அதைத்தான் வைத்துப் படிக்கிறேன். முதலில் ஜூனிபர் என்ற ஏதோ ஒரு காய், நடுவில் மல்லி, கடைசியில் வேர்களின் மண்வாசம் என்று லேபலில் இருக்கிறது. தண்ணீர் மாதிரித் தெளிந்து கிடக்கிற சாமானில் மல்லி எங்கே? என் மூக்குக்கு ஏறியது பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் வாசம்தான். ஐஸும் தண்ணீரும் விட்டதும் லேசாகப் பால் மாதிரிக் கலங்கியும் போனது. கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தின் கதைகள் கேட்டு வளர்ந்தவன், பயந்து மூடி வைத்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வடிசாலைத் தம்பி:
அண்ணை, ஊற்றிப்போடாதேயுங்கோ. எனக்குப் புதுக்குடியிருப்பு, இப்போது ஸ்கொட்லாந்தில் ஒரு சின்ன வடிசாலையில் வேலை. கலங்கியது வாசனை எண்ணெய். டெட்டோலைத் தண்ணீரில் விட்டால் வெளுக்கிறதே, அதே கதைதான். மதுசாரத்தில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீர் கூடியதும் பிரிந்து நிற்கிறது. வாசனைச் சரக்குகளைத் தாராளமாகப் போட்ட ஜின் இப்படிக் கலங்குவது வழமை.

நாங்கள் தானியத்திலிருந்து வடித்த, வாசமே இல்லாத 96 சதவீத மதுசாரத்தை வாங்கித் தண்ணீர் சேர்த்து அதன் செறிவைக் குறைப்போம். ஜூனிபர், மல்லி, ஏஞ்சலிக்கா வேர், காய்ந்த தோடம்பழத் தோல் எல்லாவற்றையும் அதில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் செப்புக் கொதிகலனில் சூடாக்குவோம். முதலில் வருகிற கொஞ்சம் நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி மணக்கும். அது வேறாகப் போகும். பிறகு தோடம்பழத் தோல், அதன் பின்னால் ஜூனிபரும் மல்லியும், கடைசியாக வேர்கள். நனைந்த காட்போட் வாசம் வந்தால் நிறுத்திவிடுவோம். எங்கே வெட்டிப் பிரிப்பது என்று மூக்குத்தான் சொல்லும். நிறமெல்லாம் கொதிகலனுக்குள்ளேயே நின்றுவிடும், ஆவியோடு வருவது எண்ணெய் மட்டும். லேபலில் இருக்கிற முதல், நடு, கடைசியும் ஏறக்குறைய இந்த ஒழுங்குதான். லேசான எண்ணெய் கொதிகலனிலும் முந்தும், மூக்கிலும் முந்தும்.

ஜின் போத்தல்களில் போடுகிற லண்டன் டிரை என்றால் லண்டனில் செய்தது என்று நினைக்காதேயுங்கோ. வடித்த பிறகு வாசமோ நிறமோ சேர்க்கக்கூடாது, சீனி லீட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். சின்ன அளவில் செய்தது என்று காட்டப் போடுகிற ‘கிராஃப்ட்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. பிரிட்டனில் 1,800 லீட்டருக்குக் குறைந்த கொதிகலனுக்கு அனுமதி கொடுக்காமல் இருந்தார்கள். 2009இல் அது தளர்ந்த பிறகுதான் எங்களைப் போன்ற சின்ன இடங்கள் முளைத்தன.

ஒட்டுசுட்டான் அக்கா:
நான் குடிக்கிறதில்லை, ஆனால் வாசம் பிடிப்பேன். தம்பி மாங்குளம், உங்கள் மூக்கு பிழையில்லை. டர்பன்டைனில் இருக்கிற பைனீன் என்ற வாசப்பொருள்தான் ஜூனிபரிலும் இருக்கிறது, குந்திரிக்கத்திலும் இருக்கிறது. பைன் மரம் என்று எழுதிவிடாதேயுங்கோ, வன்னியில் அதை ஆர் கண்டது? மாங்காய்க் காம்பை முறித்தால் பால் தெறிக்குமே, அந்த மணம் இதற்குக் கிட்ட வரும். மல்லியும் நாங்கள் தூளுக்கு வறுத்த மல்லி இல்லை. வறுக்காத மல்லியை உள்ளங்கையில் நசுக்கி மணந்து பாருங்கோ, தேசிக்காய்த் தோல் மாதிரி இருக்கும். கறிவேப்பிலையும் கறுவாவும் போட்டு வடிக்கிற ஜின் இலங்கையிலேயே இருக்கிறது, அதையும் பட்டியலில் வைக்கலாமே.

மாங்குளத்தான்:
அக்கா, குசினியில் மல்லி நசுக்கிப் பார்த்தேன். சரிதான்! அப்புறம் ஐஸ் இல்லாமல் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு மணந்தபோது அதே வாசம் கிளாஸிலும் பிடிபட்டது. வேர் இன்னும் பிடிபடவில்லை. ‘முறித்த மாங்காய்க் காம்பு, வறுக்காத மல்லி, தோடம்பழத் தோல்’ என்று எழுதிக் கொடுத்தேன். மாங்காய்க் காம்பை முதலாளி வெட்டிவிட்டார்.